புது போன் இப்போதே வாங்குவதா, பொறுப்பதா? மெமரி விலை ஏறும் காலத்துக் கணக்கு

2019 ஜனவரி 2ஆம் தேதி ஆப்பிள் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். முந்தைய காலாண்டில் 89 முதல் 93 பில்லியன் டாலர் வரை வருமானம் வரும் என்று சொல்லியிருந்தோம், 84 பில்லியன்தான் தேறும் என்பது செய்தி. சீனாவில் விற்பனை மந்தம், டாலர் மதிப்பு என்று பெரிய காரணங்கள் எல்லாம் இருந்தன. அவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். பேட்டரி மாற்றும் கட்டணத்தை நன்றாகக் குறைத்துவிட்டதால், சிலர் புது ஐபோன் வாங்காமல் பழையதிலேயே பேட்டரியை மாற்றிக்கொண்டார்களாம்.

இதற்குப் பின்னணி 2017 டிசம்பரில் வெடித்த விவகாரம். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் சத்தமில்லாமல் குறைத்துவந்தது வெளியே தெரிந்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரிக் கட்டணத்தை 2018 முழுக்க 29 டாலர் ஆக்கியது. பேட்டரி மாற்றியவர்களுக்கு போன் பழையபடி வேகமாக ஓடியது, ஆகவே கடைப்பக்கம் போகவில்லை. போன் மாற்றலாமா என்று யோசிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். "என் போன் ஸ்லோவாகிவிட்டது" என்று நாம் நினைக்கிற பல நேரங்களில் பழசானது போனுக்குள் இருக்கும் ஒரே ஒரு பாகம், அதுவும் மாற்றக்கூடிய பாகம்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு வயதானால் இரண்டு விஷயம் நடக்கும். கொள்ளளவு குறையும், காலையில் ஏற்றிய சார்ஜ் மதியத்துக்குள் காலியாகும், இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத இன்னொன்று, உள்ளே மின்தடை கூடிக்கொண்டே போகும். கேமராவைத் திறக்கும்போதோ மேப் ஓடிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தாலோ போனின் பிராசஸர் சிப் சட்டென்று அதிக மின்சாரம் கேட்கும், தேய்ந்த பேட்டரியால் அதைத் தர முடியாது, மின்னழுத்தம் விழும், 25 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன் அப்படியே அணைந்துபோகும். ஆப்பிள் வேகத்தைக் குறைத்ததே இப்படி அணையாமல் இருக்கத்தான், காரணம் நியாயமானதே, யாரிடமும் சொல்லாமல் செய்ததில்தான் வில்லங்கம்.

எவ்வளவு நாளில் தேயும்? ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைத்தவை, 15 முதல் அது 1000 சுழற்சி என்கிறது ஆப்பிள். சுழற்சி என்றால் சார்ஜர் செருகும் எண்ணிக்கை இல்லை, மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒன்று, அதாவது தினம் பாதிப் பேட்டரி செலவழிப்பவருக்கு இரண்டு நாளுக்கு ஒரு சுழற்சி. தினமும் முழுசாகக் காலி செய்கிறவர் 500 சுழற்சியை ஒன்றரை வருடத்திலேயே தொட்டுவிடுவார். இந்த எண்களும் உகந்த சூழலுக்கானவைதான். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று அதே ஆப்பிள்தான் எச்சரிக்கிறது. வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் கத்திரி வெயிலில் 35 டிகிரியெல்லாம் காலையிலேயே தாண்டிவிடும். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, பவர் பேங்க்கில் இணைத்து, மேப்பை ஓடவிட்டு நாளெல்லாம் வெயிலில் சுற்றுகிற டெலிவரி வேலைக்காரர்களின் போன் பேட்டரி சீக்கிரமே பல்லை இளிப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஐபோனில் அமைப்புகளுக்குள் போனால் பேட்டரி ஆரோக்கியம் சதவீதமாகவே தெரியும். சாம்சங்கில் மெம்பர்ஸ் ஆப் சோதித்துச் சொல்லும். மற்ற பிராண்டுகளுக்கு சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். 80க்குக் கீழே போயிருந்து, மற்றபடி போனில் குறை இல்லை என்றால் பேட்டரியை மாற்றிவிட்டு ஒன்றிரண்டு வருடம் நிம்மதியாக இருக்கலாம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் சில ஆயிரங்களில் வேலை முடிந்துவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டுத் தருவார்கள்தான், நல்ல மெக்கானிக்குகளும் அங்கே நிறைய, ஆனால் உள்ளே போவது கம்பெனி பேட்டரியா டூப்ளிகேட்டா என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. தீப்பிடிக்கக்கூடிய ஒரு பொருளை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடப்பவன் என்ற முறையில் நான் சர்வீஸ் சென்டர் பக்கம்தான். எங்கே பிரித்தாலும் பழைய வாட்டர்ப்ரூஃப் அப்படியே இருக்கும் என்று நம்பவேண்டாம். பேட்டரி உப்பி டிஸ்ப்ளேயைத் தூக்கியிருந்தால் மட்டும் யோசனையெல்லாம் கிடையாது, அன்றைக்கே போனை அணைத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி சரி. காசு கொடுத்தாலும் மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது, அது மென்பொருள் அப்டேட். போன் எப்போது செத்தது என்பதை இன்றைக்கு நிஜமாகத் தீர்மானிப்பது இதுதான்.

2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு கூகுள் 7 வருட அப்டேட் என்று அறிவித்தது. மூன்று மாதம் கழித்து 2024 ஜனவரியில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24க்கு அதே 7 வருடத்தைச் சொன்னது. ஆப்பிள் இப்படி முன்கூட்டி பெரிதாக அறிவிப்பதில்லை, நடைமுறையில் ஏறத்தாழ அந்த அளவுக்கு வருகிறது: 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களை 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26தான் கைவிட்டது. 20,000 ரூபாய்க்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கே 6 வருடம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாறு வருடம் முன்பு இதெல்லாம் கனவு.

ஆனால் இதில் கடைக்காரர் சொல்லாத ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வருடக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். கேலக்ஸி எஸ்23 வந்தது 2023 பிப்ரவரியில், அதற்கு 5 வருடப் பாதுகாப்பு அப்டேட்தான், ஆக 2028 தொடக்கத்தோடு கதை முடிகிறது. அடுத்த வருடம் வந்த எஸ்24க்கு 2031 ஜனவரி வரை ஓடும். பிறந்ததில் ஒரு வருட வித்தியாசம், அப்டேட் முடிகிற நாளில் மூன்று வருட வித்தியாசம். ஆஃபரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்து, எஸ்23 நாலாயிரம் ஐயாயிரம் கம்மி என்று அதை எடுப்பவர் மிச்சம் பிடித்ததாக நினைப்பார், வருடத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று வகுத்துப் பார்த்தால் அதுதான் அதிக விலை. இதே எஸ்24, வந்தபோது 256 ஜிபி 79,999 ரூபாய், 2025 பண்டிகை விற்பனையில் அதன் ஸ்னாப்டிராகன் சிப் போட்ட பதிப்பு 40,000ஐ ஒட்டி விற்றது. "போன வருட ஃபிளாக்ஷிப் (கம்பெனியின் உச்ச மாடல்) வாங்கு" என்ற பழைய அறிவுரை இன்னும் செல்லும், எந்த வருடம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு, ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் இயங்குதள அப்டேட் தரவேண்டும், பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்கவேண்டும் என்று விதி போட்டுவிட்டது. நம்மூரில் அப்படிக் கட்டாயம் இல்லை.

அப்டேட் வாக்குறுதி நீளமாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், பிக்சல் 6ஏ வைத்திருந்தவர்களைக் கேட்கவேண்டும். சில போன்களில் பேட்டரி சூடாகும் அபாயம் இருப்பதாகச் சொல்லி, 400 சுழற்சி தாண்டியதும் கொள்ளளவைக் குறைக்கும் கட்டாய அப்டேட் ஒன்றை 2025 ஜூலையில் கூகுள் அனுப்பியது. இலவச பேட்டரியோ பணமோ தருவதாகவும் அறிவித்தார்கள். ஆனாலும் அப்டேட் வந்ததால் போன் சுருங்கிப்போன விசித்திரத்தை அவர்கள் அனுபவிக்க வேண்டியிருந்தது.

சரி, அப்டேட் நின்றுவிட்ட போனை அன்றைக்கே தூக்கிப்போட வேண்டுமா? பயமுறுத்திக் கட்டுரை எழுதுபவர்கள் ஆமாம் என்பார்கள், எனக்கு அவ்வளவு அவசரம் தெரியவில்லை. ஆண்ட்ராய்டு 10இலிருந்து இயங்குதளத்தின் சில பகுதிகளை கூகுள் நேரடியாக பிளே ஸ்டோர் வழியாகவே சரிசெய்துகொள்ள முடிகிறது, போன் கம்பெனி கைவிட்ட பிறகும் அந்த அளவு பாதுகாப்பு வந்துகொண்டிருக்கும். சிப்புக்குள்ளும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளிலும் இருக்கும் ஓட்டைகளை அடைப்பது மட்டும் கம்பெனி கையில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், நம் நாட்டில் போன் வழியாகப் பணம் பறிபோகும் கதைகளில் முக்கால்வாசி இப்படி நுட்பமான ஓட்டை வழியாக நடப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆப்பை நிறுவும் ஃபைல் வரும், டிராஃபிக் அபராத ரசீது என்று ஒன்று வரும், நாமே தொட்டு, நாமே அனுமதி கொடுத்து, நாமே நிறுவிக்கொள்வோம். ஒன்றரை லட்ச ரூபாய் போனில் அதே ஃபைலைத் தொட்டாலும் கதி ஏறக்குறைய அதுவேதான்.

ஆக, அப்டேட் நின்ற போன் பாட்டு கேட்கவும் பேரனோடு வீடியோ காலில் பேசவும் இன்னும் நாலு வருடம் ஓடட்டும். வங்கி ஆப்பும் யுபிஐயும் அலுவலக மெயிலும் அதிலேதான் என்றால், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்து ஒரு வருடம் தாண்டியதும் மாற்றும் திட்டத்தைத் தொடங்கிவிடலாம். ஆண்ட்ராய்டில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்கள் கைவிடுவது இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தித்தான் நடக்கும். வாட்ஸ்அப் 2025 ஜனவரியில் கைவிட்டது ஆண்ட்ராய்டு 5க்கு முந்தைய போன்களை, அதாவது பத்து வருடத்துக்கு மேல் பழையவற்றை.

இனி இந்தக் கேள்வியின் மறுபாதி. பொறுத்தால் விலை குறையுமா?

பல வருடமாக இதற்குப் பதில் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம்தான். இன்றைக்கு 20,000 ரூபாய்க்கு வாங்குவதைவிட அடுத்த வருடம் அதே காசுக்கு அதிக ரேம், அதிக ஸ்டோரேஜ், நல்ல டிஸ்ப்ளே கிடைக்கும், அதனால் போன் ஓடுகிற வரைக்கும் ஓட்டு என்பதே புத்திசாலித்தனம். இந்தக் கணக்கு நிற்பதற்கு மெமரி சிப் விலை வருடாவருடம் மலிவாக வேண்டும். 2025இன் பிற்பாதியில் அது தலைகீழானது.

உலகத்தின் ரேம் சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்வது மூன்றே நிறுவனங்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கு எச்பிஎம் என்ற அடுக்கு மெமரி டன் கணக்கில் தேவைப்படுகிறது, லாபமும் அதில்தான் கொட்டுகிறது. ஒரு ஜிபி எச்பிஎம் செய்ய, சாதாரண ரேமைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் பிடிக்கும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. தொழிற்சாலை அதேதான், சிலிக்கானும் அதேதான், அங்கே ஒன்று கூடினால் இங்கே மூன்று குறையும். 2025 அக்டோபரில் சீனாவில் ரெட்மி கே90 வந்தபோது, முந்தைய மாடலைவிட விலை ஏறிவிட்டதே என்று ஜனங்கள் புகார் செய்ய, ஷாவ்மியின் பிரசிடென்ட் லூ வெய்பிங் மெமரி விலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறிவிட்டது என்று வெளிப்படையாகவே பதில் சொன்னார். டிசம்பரில் மைக்ரான், கடைகளில் சாதாரண மக்களுக்கு ரேம் விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்டி சிப் வெளியே வர வருடங்கள் ஆகும், ஒரு தீபாவளி பொறுத்தால் தீரும் பற்றாக்குறை இல்லை இது. (குஜராத்தின் சானந்தில் மைக்ரான் கட்டியிருக்கிறதே என்று கேட்பீர்கள், அங்கே நடப்பது சிப்பை அடுக்கிப் பொதிந்து சோதிக்கும் வேலை, சிலிக்கானில் சிப்பையே செய்யும் வேலை இல்லை.)

இந்த அடி எல்லோருக்கும் சமமாக விழாது. ஒரு லட்ச ரூபாய் போனின் செலவில் மெமரி ஒரு சிறு பங்கு, கம்பெனி லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சமாளித்துவிடும். 10,000, 12,000 ரூபாய் போனில் லாபமே நூலிழைதான், அங்கே மெமரி ஏறினால் ஒன்று விலை ஏறும், இல்லையென்றால் அதே விலைக்கு ரேமும் ஸ்டோரேஜும் குறையும். அதனால் என் கணக்கு இப்படி: பட்ஜெட் 15,000க்குள், போனையும் இந்த வருடத்துக்குள் எப்படியும் மாற்றியாக வேண்டும் என்ற நிலை என்றால் பொறுப்பதில் லாபம் எதுவும் தெரியவில்லை. விலையுயர்ந்த போன் வாங்குகிறவருக்குத்தான் பொறுமை இன்னும் பலன் தரும், அதுவும் எதற்காகப் பொறுக்கிறோம் என்று தெரிந்து பொறுத்தால்.

2025 ஆகஸ்டும் செப்டம்பரும் இதற்கு நல்ல சாட்சி. சுதந்திர தின உரையில் ஜிஎஸ்டி மாற்றம் வரும் என்று பிரதமர் அறிவித்ததும் போன் வாங்கவிருந்த பலர் நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். செப்டம்பர் 22இல் புது வரி வந்தது, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது, ஏசி இறங்கியது, கார் இறங்கியது. போனுக்கு 2020 ஏப்ரலிலிருந்து இருக்கும் அதே 18 சதவீதம்தான், ஒரு பைசா குறையவில்லை. அதே மாதத்தில் ஐபோனுக்காகக் காத்திருந்தவர்களோ ஜெயித்தார்கள். ஐபோன் 16இன் 256 ஜிபி 89,900 ரூபாய்க்கு வந்தது, ஐபோன் 17 அதே 256 ஜிபியோடும், அடிப்படை மாடலில் அதுவரை இல்லாத 120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேயோடும் 82,900க்கு வந்தது, பழைய 16இன் விலையும் 10,000 இறங்கியது. புது ஐபோன் பெரும்பாலும் செப்டம்பரில் வரும், கேலக்ஸி எஸ் வரிசை பெரும்பாலும் வருடத் தொடக்கத்தில் வரும், இதை நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் போய் புது ஐபோன் வாங்குவது அவசரம் இல்லாதவர்களுக்கு வீண் வேலை. வதந்தியை நம்பி ஆறேழு மாதம் பொறுப்பது வேறு கதை.

"ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன் செய்கிறார்களே, போகப்போக நமக்கு மலிவாகாதா" என்றும் சிலர் காத்திருக்கிறார்கள். ஐபோன் 17இன் 82,900ஐ 1.18ஆல் வகுத்து ஜிஎஸ்டியைக் கழித்தால் 70,250 ரூபாய் சொச்சம் வரும். அமெரிக்காவில் விலை 799 டாலர், அதில் மாநில விற்பனை வரி சேராது, அது வந்த சமயத்தில் டாலர் 88 ரூபாய் அளவில் இருந்தது, பெருக்கினால் 70,300. வித்தியாசமே இல்லை. அடிப்படை மாடலில் நாம் கூடுதலாகக் கொடுப்பது அரசாங்கத்துக்கான வரி, அது ஃபாக்ஸ்கான் ஆலை எங்கே இருந்தாலும் குறையாது.

5ஜிக்காக மாற்றலாமா? 4ஜி போனே வைத்திருந்து வேலை நடக்கிறது என்றால் அதற்காக மட்டும் வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பில்லா 5ஜியை தினம் 2 ஜிபி, அதற்கு மேற்பட்ட திட்டங்களோடு கட்டிவிட்டன, நீங்கள் ஏற்கெனவே அந்தத் திட்டத்துக்குக் காசு கட்டிக்கொண்டு, மாலைக்குள் டேட்டா தீர்ந்து டாப்அப் போடுகிறவர் என்றால் 5ஜி போன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் காசைத் திருப்பித் தரும். ஜியோ சிம் என்றால் வாங்கும் போனில் 700 மெகாஹெர்ட்ஸின் என்28 பேண்ட் (அலைவரிசை) இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுச் சுவர்களைத் தாண்டி உள்ளே வருவது அதுதான். கேமராவுக்காக மாற்றுவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, மூன்று வருடத்துக்குள் வாங்கிய நல்ல போன் என்றால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ'யின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்துச் சரிக்கட்டுகிறார்கள், வட்டித்தொகை மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில்தான். பெரிய தொகை இல்லை, ஆனால் 'ஜீரோ'வும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் போடுவதாக இருந்தால் உங்கள் மாடலுக்கு அடுத்தது வெளிவருவதற்கு முன்பே போட்டுவிடவேண்டும், வந்த வாரமே பழையதன் மதிப்பு சரியும்.

மெமரிப் பஞ்சத்தில் குறைந்த விலை போன் வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு சமாச்சாரம், பெட்டியில் அச்சிடும் ரேம் எண். '12 ஜிபி வரை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே பொடி எழுத்தில் 4 ஜிபியோடு 8 ஜிபி விர்ச்சுவல் ரேம் என்று இருக்கும். அந்த 8 ஜிபி என்பது ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் மாதிரி எடுத்துக்கொள்வது, வேகத்தில் நிஜ ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது, உங்கள் ஸ்டோரேஜையும் அதுவே தின்னும். சிப் விலை ஏறஏற இந்த நட்சத்திரக் குறிகளும் பெருகும். கடையில் கேட்கவேண்டியது நிஜ ரேம் எவ்வளவு என்று மட்டும்தான். 4 என்று பதில் வந்தால், அதே காசுக்கு நிஜமான 8 ஜிபியும் இன்னும் மூன்று வருட அப்டேட்டும் பாக்கி இருக்கிற ஒரு ரிஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து மீண்டும் விற்கும்) போனை, வாரண்டி பில்லோடு தரும் இடத்தில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.